மழை வருமா, வராதா: வானிலை அறிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விகள்தான் சுற்றிவரும். நாளைக்கு மழையா, எவ்வளவு, லீவு உண்டா, போன தடவை சொன்னது நடக்கவில்லையே, இப்போது மட்டும் எப்படி நம்புவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல். நான் வானிலை விஞ்ஞானி இல்லை. மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன், ராடார் படம் பார்க்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையும் கடலோரத் தமிழ்நாடும். வடகிழக்குப் பருவமழையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வானிலை அறிக்கையை நம்பலாமா கூடாதா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புயல் நாளைக்குக் கடலூர்ப் பக்கம் வருமா, நெல்லூர்ப் பக்கம் போகுமா? நம்பலாம். அடுத்த மூன்று நாளில் கடலோர மாவட்டங்களில் நல்ல மழை உண்டா? பெரும்பாலும் நம்பலாம். நாளை சாயங்காலம் 5 மணிக்கு வேளச்சேரியில் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும்? யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அடுத்த மாதம் 20ஆம் தேதி மழை வருமா? அதற்கு அடித்துப் பதில் சொல்பவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

ஒரே அறிக்கைக்குள் உறுதியான சேதியும் உறுதி குறைந்த சேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டி "பலித்ததா, பலிக்கவில்லையா" என்று கேட்பதால்தான் வருடா வருடம் சண்டை வருகிறது.

'ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்' என்றால் என்னதான் அர்த்தம்? தப்பித்துக்கொள்ளத்தானே இப்படிச் சொல்கிறார்கள்?

இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கு. 'ஒருசில இடங்களில்' என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். மழையின் அளவும் அப்படித்தான்: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21 செ.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும். "நேற்றுதானே கொட்டியது, இன்றைய கணக்கில் எப்படி வந்தது" என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும். நான்கு மாவட்டங்களில் எங்கோ சில நிலையங்களில் 7 செ.மீ.யைத் தொடலாம் என்று இதற்குப் பொருள். உங்கள் வீட்டு மாடி அந்தச் சில இடங்களில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு குறைவு. மதுராந்தகத்தில் 9 செ.மீ. பெய்து, குரோம்பேட்டையில் சாரல்கூட விழவில்லை என்றால் அறிக்கை பலித்துவிட்டது என்றே கணக்கு. குரோம்பேட்டைக்காரருக்குக் கோபம் வரத்தான் செய்யும். டிவியில் அடியில் ஓடும் வரியில் 'ஓரிரு இடங்களில்' கழன்று விழுந்து, "சென்னையில் கனமழை" என்பது மட்டும்தானே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

'மிதமான மழை' என்றார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இது மிதமா?

அவர்கள் அகராதியில் மிதம்தான். நாள் முழுக்க 1.5 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. சொச்சம் வரை பெய்தால் அது மிதமான மழை. 6 செ.மீ.யும் விடிய விடியத் தூறிப் பெய்தால் ஒரு குட்டைகூடத் தேங்காது. அதையே ஒரு மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதைகளை மூட வேண்டியதுதான். மொட்டை மாடி மழைமானியில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: ராத்திரி முழுக்கச் சொட்டிய மழை எந்தக் கோட்டைத் தொட்டதோ, அதே கோட்டை ஒரு சாயங்கால இடிமழை தேநீர் குடித்து முடிப்பதற்குள் தொட்டுவிடும். அறிக்கை நாளின் மொத்தத்தைச் சொல்கிறது. தெருவில் தண்ணீர் தேங்குமா என்பதை மணிக்கு எவ்வளவு பெய்தது என்பதும், வடிகால் தூர் வாரப்பட்டதா என்பதும் தீர்மானிக்கின்றன. இரண்டாவதற்கு வானிலை ஆய்வு மையத்தைத் திட்டிப் பயனில்லை.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் கொடுத்தார்கள். காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். வெயில் அடித்தது. இதை என்னவென்று சொல்வது?

நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். அக்டோபர் 15ஆம் தேதியும் அன்று இரவும் சென்னையின் வடக்கு, மேற்குப் புறங்களில் செம மழை. 16ஆம் தேதி காலை 8.30 வரையிலான கணக்கில் சோழவரத்தில் 30 செ.மீ., ஆவடியில் 25 செ.மீ. அதி கனமழைக்கான 21 செ.மீ. கோட்டை இரண்டுமே தாண்டிவிட்டன. எல்லாரும் பயந்து காத்திருந்த 16ஆம் தேதிதான் பிசுபிசுத்துப் போனது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. அதற்குள் கனத்த மேகக் கூட்டம் வடக்கே ஆந்திரப் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆக, மழை வரும் என்றது சரி, அளவும் சரி. நாளும் இடமும் கொஞ்சம் பிசகின. வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தியவருக்கு அந்தக் 'கொஞ்சம்' தான் எல்லாமே என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. 2015லும் 2023லும் தண்ணீரில் ஊறிய கார்களுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால், ஒரு ராத்திரி மேம்பாலத்தில் நிறுத்துவது மலிவான காப்பீடு.

நிறம் மழையின் அளவை மட்டும் குறிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். எவ்வளவு வரும், வந்தால் என்ன பாதிப்பு, வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் நிறம் முடிவாகிறது. முதலில் நிர்வாகத்துக்கான செய்தி அது. மோட்டார் பம்பும் படகும் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு.

அப்படியானால் காயல்பட்டினத்தில் என்ன நடந்தது? அங்கே எச்சரிக்கை போதவில்லையே.

2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரில் 69 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு ராத்திரி தண்ணீருக்கு நடுவே கிடந்தார்கள். அதன் பிறகு பெரிய வாக்குவாதம் நடந்தது. 12ஆம் தேதியே முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று என்றார் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அதி கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை 17ஆம் தேதிதான் வந்தது, சொன்ன அளவைவிடப் பல மடங்கு பெய்தது என்றது மாநில அரசு.

இரண்டு பேரும் சொன்னது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், வேடிக்கையே அங்கேதான். தென் மாவட்டங்களில் கனமழை வரப்போகிறது என்பது பல நாள் முன்பே தெரிந்திருந்தது. 95 செ.மீ. என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சிவப்பு எச்சரிக்கையே நான்கு நாள் முன்னால் வந்திருந்தாலும் அதில் 95 என்ற எண் இருந்திருக்காது. அதி கனமழை என்ற வகை 21 செ.மீ.யில் தொடங்கி மேலே எல்லையில்லாமல் போகிறது; 22ம் 95ம் ஒரே பெட்டிக்குள். தாமிரபரணிக் கரையில் இருப்பவருக்கு முதலாவது தொல்லை, இரண்டாவது பேரழிவு. இந்தப் பெட்டியை மேலும் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று. அது புயல் அல்ல, தாழ்வு மண்டலம்கூட அல்ல. குமரிக்கடல் பக்கம் இருந்த வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவே. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிக்கட்டு முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துக் கட்டியது. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல் என்று பெயர் வைப்பார்கள். அந்தப் படிக்கட்டில் மழைக்கு இடமே இல்லை. "இன்னும் புயலாகவில்லையாம்" என்று நிம்மதியடைபவர்கள் காயல்பட்டினத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று சரியாகச் சொல்கிறார்களா?

இந்தத் துறையில் கண்கூடான முன்னேற்றம் இதில்தான். ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் இடத்தில் இப்போதெல்லாம் சராசரிப் பிழை 70, 80 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. வங்கக்கடலின் அகலத்துக்கு அது ஒன்றுமே இல்லை. உயிர்ச்சேதம் குறைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஆனால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் அறுபது கி.மீ.க்குள். அதாவது, சராசரியான, நல்ல கணிப்பிலேயே "சென்னை" என்பது மாமல்லபுரமாகவோ பழவேற்காடாகவோ மாறலாம். அதனால்தான் வரைபடத்தில் ஒற்றைக் கோட்டைச் சுற்றிப் புனல் மாதிரி விரியும் பகுதியைக் காட்டுகிறார்கள். செய்திச் சேனல்கள் புனலை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் காட்டும்.

பாதையைவிட வேகமும் வலுவும் கடினம். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் நல்ல பாடம். புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. ஆகாமலே வலுவிழக்கும் என்றார்கள்; 29ஆம் தேதி ஆகிவிட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விளைவு, மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. மறுநாள் கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 செ.மீ. புயல் நகர்ந்துகொண்டே இருந்தால் மழை பல ஊருக்குப் பங்காகிவிடும். நின்றுவிட்டால் ஒரே ஊரின் தலையில் விழும். எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்றும் சிரமம்தான். 2020இல் புரெவி ராமநாதபுரம் அருகே இதே மாதிரி நின்றது.

கரையைக் கடக்கும் ஊரில்தான் மழை பெய்யும் என்பதும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா அருகே. மூழ்கியது சென்னை.

2021 டிசம்பர் 30 அன்று ஒன்றுமே சொல்லாமல் கொட்டியதே?

சொன்னார்கள், ஆனால் லேசானது முதல் மிதமானது வரை என்றார்கள். மதியத்துக்கு மேல் பிடித்த மழை, இரவுக்குள் நகரின் சில இடங்களில் 20 செ.மீ. அளவுக்குப் போனது. அலுவலகம் விட்டவர்கள் நடு ராத்திரியில் வீடு சேர்ந்தார்கள், மின்சாரம் தாக்கி உயிரிழப்பும் நேர்ந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதுமளவுக்குப் பிரச்சினையானது. எந்தக் கணினி மாடலும் இதைச் சரியாகக் காட்டவில்லை என்று வானிலை ஆய்வு மையமே ஒப்புக்கொண்டது.

இதை ஏன் பிடிக்க முடியவில்லை? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கரையில் ஒரு கோட்டில் வந்து குவியும். அந்தக் கோட்டில் மேகம் எழும்பி, கொட்டி, தீர்வதற்குள் பின்னாலேயே அடுத்த மேகம் வந்து நிற்கும். கோடு சில கி.மீ. அகலம்தான். மாடல்களோ உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. பல ஆண்டுகளாக நம் நாட்டில் பயன்பட்ட உலக மாடலின் கட்டம் 12 கி.மீ.; அடையாறும் அண்ணா நகரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2025 மே மாதம் வந்த 'பாரத்' மாடலில் அது 6 கி.மீ. ஆகியிருக்கிறது. நல்ல முன்னேற்றம், ஆனாலும் தனி மேகம் அந்த வலையிலும் நழுவும்.

அடுத்தது தகவல் பஞ்சம். மீனம்பாக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை, காலையும் மாலையும் 5.30 கணக்குக்கு, பலூன் பறக்கவிட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். நம் மழை வருவது கிழக்கே கடலிலிருந்து. அங்கே பலூன் விட ஆளில்லை. சில மிதவைகளும் செயற்கைக்கோள்களும்தான். உலையில் தண்ணீர் கொதிக்கப்போகிறது என்று அடித்துச் சொல்லலாம், முதல் குமிழி எந்த மூலையில் கிளம்பும் என்று சொல்ல முடியாது. மழைக் கணிப்பில் பாதிச் சங்கடம் அந்தக் குமிழி.

செல்போனில் மணிவாரியாக மழைப் படம் வருகிறதே, அது?

அது பெரும்பாலும் மாடல் கக்கிய எண்ணை அப்படியே படமாக மாற்றியது. இடையில் ஒரு மனிதர் உட்கார்ந்து "இந்த மாடல் இந்தக் காற்றில் கடலோரத்தைக் குறைத்துக் காட்டும்" என்று திருத்துவதில்லை. "மாலை 4 மணி: மேகம், 5 மணி: இடி" என்று துல்லியமாகத் தெரிவதாலேயே துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பநிலைக்குப் பரவாயில்லை. நம்மூர் இடிமழைக்கு உதவாது. அதே செயலியை மறுபடி மதியம் திறந்து பாருங்கள், 5 மணி இடி 8 மணிக்குப் போயிருக்கும்.

'40 சதவீத வாய்ப்பு' என்றால் மழை வருமா வராதா?

இதே மாதிரியான பத்து நாட்களை எடுத்தால் நான்கில் பெய்யும், ஆறில் பெய்யாது. ஊரில் 40 சதவீதப் பகுதியில் பெய்யும் என்றோ, 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ பொருள் இல்லை. ஒரே ஒரு நாளை வைத்து இந்தக் கணிப்பைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

எத்தனை சதவீதத்தில் குடையைத் தூக்குவது என்பது உங்கள் நஷ்டக் கணக்கு. களத்தில் நெல் காய்கிறது என்று வையுங்கள். தார்ப்பாய் வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். நெல் நனைந்தால் 20,000 ரூபாய் போச்சு. இவருக்குப் பத்து சதவீத வாய்ப்பே போதும், மூடிவிட வேண்டியதுதான். அவர் வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடப் போகிறான்; அவனுக்கு 60 சதவீதம் என்றாலும் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கணிப்பு ஒன்றுதான், முடிவு இரண்டு, இரண்டும் சரி.

பத்து நாள் கழித்து பெரிய புயல் என்று வாட்ஸ்அப்பில் வண்ண வண்ணமாகப் படம் வருகிறது. உண்மையா?

அந்தப் படம் பொதுவாக ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஆறு மணி நேரம் கழித்து அதே மாடல் மறுபடி ஓடும்போது புயல் ஒடிசாவுக்குப் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். இரண்டாவது படத்தை யாரும் பகிர்வதில்லை.

இதன் பின்னணி சுவாரஸ்யமானது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கணினியில் ஒரு சின்ன வானிலை மாடலை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டுவதற்காக, 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கி உள்ளே கொடுத்தார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வானிலை முதலில் பழையபடி போய், பிறகு அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம். வளிமண்டலத்தை எந்தக் கருவியாலும் அவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது. எனவே எவ்வளவு பெரிய கணினி வந்தாலும், நாள் நாளாகச் சொல்லும் கணிப்புக்கு இரண்டு வாரம் அளவில் ஓர் எல்லை இருப்பதாகவே துறையில் பொதுவாகக் கருதுகிறார்கள்.

அதற்கு மாற்று வழியாகத்தான் ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க எண்களை லேசாக மாற்றி மாற்றி ஒரே மாடலை 51 தடவை ஓட்டுகிறது. 51ல் 45 ஓட்டங்கள் தமிழ்நாட்டுக் கரையைக் காட்டினால் உட்கார்ந்து கவனிக்கலாம். 51ம் மியான்மரிலிருந்து இலங்கை வரை சிதறிக் கிடந்தால், படத்தை அனுப்பியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆக, படம் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: "இது ஒரு ஓட்டமா, ஓட்டங்களின் தொகுப்பா?"

வானிலை ஆய்வு மையமா, தனியார் வானிலை ஆர்வலர்களா? யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டையும் கேளுங்கள், வேறு வேறு காரியத்துக்கு. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்றவர்கள் "இந்த மேகக் கூட்டம் இப்போது கேளம்பாக்கம் பக்கம், இன்னும் அரை மணியில் தாம்பரம்" என்று ஊர்ப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். மக்களுக்கு அது ஒட்டுகிறது. ஆர்வலர் தன் கணிப்பைத் துணிந்து சொல்லலாம், தவறினால் மறுநாள் விளக்கலாம். அரசு மையம் வாயைத் திறந்தால் ஏரி மதகு திறக்கப்படும், மீன்பிடித் தடை வரும், பள்ளி மூடப்படும். அந்தச் சுமைதான் அவர்கள் மொழியை இழுத்துப் பிடிக்கிறது. சென்னை மையத்தின் இயக்குநராக டிவியில் மழைச் செய்தி சொன்ன ரமணன் காலத்தில் அந்த மொழிக்கும் ரசிகர்கள் இருந்தார்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள்.

ஆர்வலர்கள் பார்க்கும் ராடாரும் செயற்கைக்கோளும் அரசினுடையவைதான் என்பதை மறந்துவிட வேண்டாம். எச்சரிக்கை என்று வந்தால் அரசு அறிக்கைதான் கடைசி வார்த்தை.

எங்கள் பஞ்சாங்கத்தில் மார்கழியில் பெருமழை என்று போட்டிருந்தது, பெய்ததே! 'எங்கள் கணிப்பு 95 சதவீதம் சரி' என்று ஒருவர் விளம்பரமும் செய்கிறார்.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் டிசம்பரில் மழை என்று சொல்வதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. பெய்ததை எண்ணுகிறோம், போட்டிருந்தும் பெய்யாததையும், போடாமல் பெய்ததையும் எண்ணுவதில்லை. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் எந்த ஜோசியரும் இரண்டு வருடம் தாங்க மாட்டார்.

95 சதவீதக் கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. 1884இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஃபின்லி என்பவர் சூறாவளிக் காற்று வருமா வராதா என்று 2,803 தடவை கணித்து, 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். கில்பர்ட் என்ற இன்னொருவர் கூட்டிக் கழித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் "வராது" என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும் என்று காட்டினார். ஃபின்லி "வரும்" என்று சொன்ன 100 தடவையில் வந்தது 28தான். பிப்ரவரி மாதச் சென்னைக்கு "இன்று மழை இல்லை" என்று நீங்களும் தினமும் எழுதிப் பாருங்கள், நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை என்பார்களே?

ஏறலாம். ஈரப்பதம் கூடுவது எறும்புக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டாலும், அது சொல்வது அடுத்த சில மணி நேரத்தைத்தான். ராடாரும் அதைத்தான் சொல்கிறது, மாவட்டப் பெயரோடு.

இந்த வருடப் பருவமழை எப்படி என்று செப்டம்பரிலேயே சொல்கிறார்களே, அதை வைத்து விவசாயி திட்டமிடலாமா?

கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 44 செ.மீ. எல் நினோ வந்தால், அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடானால், அது கூடும் என்பது பொதுவான போக்கு. 2015இல் அப்படியே நடந்தது. அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா; அப்போது மழை குறையும் என்பார்கள். 2016இல் குறைந்தது, அதுவும் 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் டிசம்பரில் வர்தா புயல் சென்னையையே புரட்டிப்போட்டும் பருவக் கணக்கு தேறவில்லை. சரி, விதி பிடிபட்டுவிட்டது என்று நினைத்தால், 2010ம் 2021ம் லா நினா ஆண்டுகள், இரண்டிலும் நல்ல மழை. இரண்டு தாழ்வு மண்டலங்கள் கூடுதலாக நம் பக்கம் திரும்பினாலே பருவத்தின் தலையெழுத்து மாறிவிடும். ஏரியில் இருக்கும் தண்ணீரை நம்பிச் சாகுபடி செய்யுங்கள், அறிக்கையில் இருக்கும் தண்ணீரை நம்ப வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிடுமா?

புயல் பாதையில் அசத்துகின்றன. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், ஹுவாவேயின் பங்கு-வெதர் இரண்டும் 2023இல் வந்து, பத்து நாள் கணிப்பைச் சில நிமிடங்களில் போட்டுக் காட்டின. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியிலிருந்து தன் சொந்த மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இவை பல பத்தாண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துப் பழகியவை. அதனால் இதுவரை நடந்த மாதிரி நடப்பதை நன்றாகச் சொல்கின்றன. உச்சபட்ச மழையையும் காற்றையும் மழுப்பிக் குறைத்துக் காட்டும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. காயல்பட்டினத்து 95 செ.மீ. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி.

ராடார் படத்தை நானே பார்த்துப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவிய டாப்ளர் ராடார், காரைக்கால் ராடார், ஸ்ரீஹரிகோட்டா ராடார் என்று நம் கரைக்குக் கண்கள் பல. ஒரு படத்தை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று நான்கு படங்களை வரிசையாகப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். நீலமும் பச்சையும் லேசு, மஞ்சளுக்கு மேல் போனால் துணியை எடுத்துவிடுங்கள். நகராமல் அதே இடத்தில் மஞ்சள் புதிது புதிதாக முளைத்தால் மாடிக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். ராடாரிலிருந்து 200 கி.மீ. தள்ளி இருப்பவர்கள் அந்தப் படத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம். பூமி வளைந்திருப்பதால், அங்கே போகும்போது கதிர் தரைக்கு மேல் நான்கு கி.மீ. உயரத்தில் ஓடும். கீழே இருக்கும் மழை மேகம் அதன் கண்ணில் படாது.

நாளைக்கு லீவா?

மாவட்ட ஆட்சியரைக் கேளுங்கள்.

நவம்பர் மூன்றாவது வாரத்தில் கல்யாணம். ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடிக்க வேண்டும். மழை வருமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

எந்த முன்னறிவிப்பும் உதவாது, கடந்த கால மழைக் கணக்குதான் உதவும். கடலோர மாவட்டம் என்றால் பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பந்திக்கு ஷாமியானா போதாது, கூரை போட்ட கூடம் வேண்டும், வாகனம் நிறுத்துமிடம் பள்ளத்தில் இருக்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடலில் ஏதாவது உருவாகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் இருக்கும்போது மாவட்ட வாரியான எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் வெளியூர்க்காரர்களை ஒரு நாள் முன்னதாகவே வரச் சொல்லிவிடலாம். அன்று காலை ராடார். சமையல்காரரிடம் மட்டும் மழையைப் பற்றி முன்கூட்டியே பேச்செடுக்காதீர்கள், ஆள் கூலியை ஏற்றிவிடுவார்.